வேற கம்பெனி லென்ஸ்

முன்னால் நிற்கப் பவளத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கேமரா அந்தக் காரணம்.

அவள் கணவன் சிங்காரம் போனபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. தேயிலைத் தூள் ஏற்றிய லோரி சிம்பாங் பூலாய் மலைப்பாதை இறக்கத்தில் மழையில் சறுக்கிப் பள்ளத்தில் கிடந்தது. மகள் ரூபினிக்கு ஏழு வயது. கருமாதி முடிந்த மறுநாள் பவளம் கொழுந்து பறிக்கத் திரும்பினாள். வேலைக்காட்டில் யாரும் அவளை ஒதுக்கவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்திலும் ஒதுக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து குழம்பு வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மோட்டார் சைக்கிள் வந்தது. ஆனால் கல்யாண வீட்டில் தாலித் தட்டு வரிசையாகக் கைமாறி வரும்போது அவளைத் தாண்டி அடுத்த கைக்குப் போனது. வளைகாப்பில் வளையல் போடும் பெண்கள் வரிசையில் அவளுக்கு இடமில்லை. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பவளமே கடைசி வரிசையில் நாற்காலி தேடிக்கொண்டாள். இல்லாவிட்டால் அடுப்படியில் வெங்காயம் உரித்தாள்.

தோட்டத்தைப் பார்க்க வரும் பயணிகளுக்குக் கூடை சுமந்த பெண் என்றால் உயிர். பவளம் நிமிரும் பக்கமெல்லாம் கேமரா நின்றது. எந்த நாட்டு வீட்டு அலமாரிகளில் எல்லாம் அவள் முகம் இருக்கிறதோ தெரியாது. அவள் வீட்டில் ஒன்று கூட இல்லை.

தானா ராத்தா டவுனில் போட்டோக் கடை வைத்திருந்த மீரான், தோட்டத்து டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு குடை போட்டு, பயணிகளைப் படம் எடுத்து அங்கேயே அச்சிட்டுக் கொடுத்து வந்தார். ஒருநாள் பவளம் கூடையோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

“பாய், ஊருல உள்ளவன் எல்லாம் என்னையப் படம் புடிக்கிறான். ஒருத்தனாச்சும் காட்டுனானா? அந்தக் கேமராவ இப்படிக் குடுங்க. உள்ள என்னாதான் தெரியுதுன்னு பாக்கிறேன்.”

“பாத்தா போதுமாக்கா? அமுக்கணும்லா.”

அமுக்கினாள். மீரான் அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தார். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் குடையின் கீழ் அவள் நின்றாள்.

கைத்தொலைபேசி வந்து அந்தத் தொழிலை வாரிக்கொண்டு போனது. மீரான் குடையை மடித்தார். பழைய கேமரா ஒன்றைப் பவளத்திடம் விட்டுவிட்டார். “கடையில வச்சா பூஞ்சணம் புடிக்கும். நீங்களே வச்சுக்குங்க” என்றார்.

அதே வருடம் ரஞ்சிதத்தின் நாத்தனாருக்கு வளைகாப்பு. ரஞ்சிதம் பக்கத்து வீட்டுக்காரி, பவளத்தோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள். கம்போங் ராஜாவிலிருந்து வர வேண்டிய போட்டோக்காரர் வரவில்லை. பாதை மண்சரிவில் அடைபட்டிருந்தது. அடுப்படியில் இருந்த பவளத்தை ரஞ்சிதம் இழுத்துக்கொண்டு வந்து முன்னால் விட்டாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த லயத்துச் சடங்குகளுக்கெல்லாம் ரஞ்சிதத்தின் மாமியார் மணியம்மா வைத்ததுதான் முறை. கழுத்தில் தாலியோடு எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தவள். அவள் கேமராவைப் பார்த்தாள், பிறகு பவளத்தைப் பார்த்தாள்.

“போட்டோக்காரிதானே. நிக்கட்டும்” என்றாள்.

அன்றிலிருந்து பவளம் முன்னால் நின்றாள். மூன்று தோட்டங்களில் வளைகாப்பு, சீமந்தம், பிள்ளைக்குப் பெயர் வைப்பது என்று எது நடந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பெண் ஒருத்தி படம் எடுப்பது தோதாக இருந்தது. சேலையைச் சரிசெய்யச் சொல்வாள், வியர்வையைத் துடைத்துவிடுவாள். சந்தனம் பூசும் கைகளுக்கு இரண்டடி தள்ளி, நாற்காலியின் இடப்பக்கம், ஒரு முட்டியை மடித்து உட்காருவாள். வளையல் விரல்முட்டியைத் தாண்டும்போது பெண்ணின் முகம் ஒரு நொடி சுளிக்கும், பிறகு மலரும். சுளிப்புக்கும் மலர்ச்சிக்கும் நடுவில் பவளம் அமுக்குவாள். கைம்பெண் கண் படக்கூடாது என்ற இடத்தில் அவள் கண்தான் முதலில் நின்றது. கேமரா கையில் இருக்கும்வரை அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பவளமும் எடுக்கவில்லை என்று ரூபினி நினைத்துக்கொண்டிருந்தாள். அது தவறு. பவளம் ஒவ்வொரு முறையும் எடுத்தாள்.

மீரானின் கேமரா ஓய்ந்தபோது புதியது வாங்கிக் கொடுத்தவள் ரூபினி. லென்ஸ் வந்ததும் அவளால்தான்.

பினாங்கு பாயான் லெப்பாசில் மின்சுற்றுப் பலகை செய்யும் தொழிற்சாலையில் ரூபினி சோதனைப் பொறியாளர். பலகை தேறியதா, தேறவில்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை. மலையில் மூன்று மணிக்கே பனி இறங்கி வீடுகள் இருட்டிப்போகும் என்பதும், அம்மா ஃபிளாஷ் போடமாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும். “மூஞ்சில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுது” என்பாள் பவளம். அந்த வெளிச்சத்தில் எடுக்க, வாய் அகன்ற லென்ஸ் வேண்டும். கேமரா செய்த கம்பெனியே விற்கும் லென்ஸின் விலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். லென்ஸ்களின் தெளிவைக் காட்டும் வரைபடங்களை எடுத்துவைத்து ரூபினி ஒரு வாரம் ஒப்பிட்டாள். வேறு கம்பெனி செய்த லென்ஸ் ஒன்று, நடுப்பகுதித் தெளிவில் மயிரிழைதான் குறைவு. ஓரத்தில் கொஞ்சம் மங்கல். வளைகாப்புப் படத்தின் ஓரத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? விலை மூன்றில் ஒரு பங்கு. வாங்கிக்கொண்டு மலையேறினாள்.

படங்களை அச்சிடப் பவளம் மீரான் கடைக்குப் போகும்போதெல்லாம் இது நடக்கும்.

“வாங்கக்கா. டூப்பு லென்ஸ் எப்படி இருக்கு?”

“டூப்பு இல்ல பாய். வேற கம்பெனி.”

“அதத்தான் டூப்புன்னு சொல்றது. பாடி ஒரிஜினல், கண்ணு டூப்பு.”

“என் கண்ணுக்குள்ள ஈப்போ ஆஸ்பத்திரியில ஒரு லென்ஸ் வச்சு அனுப்புனாங்க. அதுவும் ஆண்டவன் கம்பெனி இல்ல. அதத் தோண்டி எடுத்துடவா?”

மீரான் அன்றைக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் மறுபடியும் டூப்பு என்றார்.

இரண்டு லென்ஸும் நல்ல லென்ஸ்தான். கண்புரையை எடுத்துவிட்டு வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருந்த கண்ணைத்தான் சர்க்கரை தின்றுகொண்டிருந்தது. பவளம் யாரிடமும் சொல்லவில்லை. பேருந்தின் எண் தெரியாமல், ஏறி ஓட்டுநரிடம் கேட்டாள். மருந்து அட்டைகளுக்கு வேறு வேறு நிற நூல் கட்டிவைத்தாள். படம் எடுக்கக் காது போதும் என்று கண்டுபிடித்திருந்தாள். முகம் எங்கே இருக்கிறது என்ற உருவம் அவளுக்குத் தெரியும். அதன்மேல் பச்சைக் கட்டம் விழுந்து, கேமரா “பீப்” என்று சொன்னால் தெளிவு பிடித்துவிட்டது என்று அர்த்தம். பீப் கேட்டால் அமுக்க வேண்டும். இரண்டு வருடம் அப்படித்தான் எடுத்தாள். ஒரு படமும் பிசகவில்லை.

பிறகு ரஞ்சிதத்தின் மூத்த மகள் நளினிக்கு ஏழாம் மாத வளைகாப்பு வந்தது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய கரு. ஞாயிற்றுக்கிழமை விசேஷம். ரூபினி வெள்ளிக்கிழமை வந்திருந்தாள், ஞாயிறு காலையே பினாங்கு திரும்ப வேண்டும். சனிக்கிழமை அம்மாவின் கேமராவை எடுத்துத் துடைத்தாள். பிறகு மடிக்கணினியில் செருகினாள்.

“என்னா பண்ற அதுல?” என்றாள் பவளம்.

“புது சாஃப்ட்வேர் வந்திருக்கும்மா. ரெண்டு வருசமா நீங்க போடவே இல்ல.”

“இப்பவே நல்லாத்தானே புடிக்குது.”

“இன்னும் வேகமாப் புடிக்கும்னு போட்டிருக்கான். பழசுலயே ஓட்டக்கூடாதுலா.”

“சரி. நீ படிச்சவ.”

பதினோரு நிமிடத்தில் முடிந்தது. அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தில், சுவரில் தொங்கிய நாட்காட்டியை மூன்று படம் எடுத்துப் பார்த்தாள். எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. பையில் வைத்து மூடினாள். தொழிற்சாலையில் ஒரு பலகையை ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், மூன்றே முறை சோதித்துவிட்டுத் தேறியது என்று எழுதுபவனை அவள் அன்றைக்கே வேலையிலிருந்து நகர்த்துவாள்.

புதன்கிழமை மீரான் ரூபினியைப் போனில் கூப்பிட்டார். குரலில் கிண்டல் இல்லை.

“ரூபினி, அம்மா கண்ணு எப்படி இருக்கு?”

“ஏன் மாமா?”

“நளினி படம் அச்சடிக்க வந்திருக்கு. முந்நூறு படம். எல்லாத்துலயும் தலையில வச்ச பூ பளிச்சின்னு இருக்கு. கண்ணு மங்கல். கட்டத்தப் பூ மேல வச்சு எடுத்திருக்காங்க போல. நான் படத்த அவங்க கையில குடுத்தேன். நல்லா வந்திருக்கு பாய்ங்கிறாங்க.”

ரூபினி உடனே அம்மாவுக்குப் பேசினாள். படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம். அது தோன்றவில்லை. அவளுக்குக் கோபம் வந்திருந்தது. பயம்தான் அப்படி வந்தது என்று பிறகு தெரிந்தது.

“கண்ணு தெரியலன்னா ஏம்மா சொல்லல? ஆறு வருசம் காத்திருந்த புள்ள. திருப்பி எடுக்க முடியுமா அத? தெரியாத கண்ண வச்சுக்கிட்டு ஏன் போய் முன்னால நிக்கிறீங்க?”

பவளம் சொன்னாள்:

“சரி. நிக்கல.”

அன்று மாலையே அவள் ரஞ்சிதத்தின் வீட்டுக்குப் போனாள். நளினி அறைக்குள் இருந்தாள், வெளியே வரவில்லை. ரஞ்சிதம் கோபப்படவில்லை. “விடு பவளம். போன்ல நாலஞ்சு படம் இருக்கு” என்றாள். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். பதினைந்து வருடம் முட்டிபோட்டு எடுத்தவளுக்கு அது எங்கே போய்ப் பட்டிருக்கும் என்று ரஞ்சிதத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பவளம் வீட்டுக்கு வந்து கேமராவைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். பிறந்த நாளுக்கு ஒன்று, பெயர் வைப்பதற்கு ஒன்று என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த இரண்டு வீட்டுக்கும் போய், வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வார நாட்களில் தோட்டத்து டீக்கடையில் மேசை துடைக்கும் வேலை அவளுக்கு இருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் ரூபினி மீரானிடம் அந்தப் படங்களை அனுப்பச் சொன்னாள். தன் வருத்தத்தை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்டாள். முதல் இருபது படத்தைப் பார்ப்பதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கண் தெரியாதவளின் தவறு சிதறும். ஒன்றில் பூ தெளியும், ஒன்றில் மூக்கு, ஒன்றில் சுவர். இதில் சிதறல் இல்லை. முந்நூறு படத்திலும் தெளிவு ஒரே அளவு பின்னால் விழுந்திருந்தது. கண்ணிலிருந்து நான்கு விரல் தள்ளி, காதுக்குப் பின்னால், பூவின் மேல். கட்டம் எங்கே விழுந்தது என்பதைக் கோப்புக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தாள். கட்டம் கண்ணின் மேல்தான் இருந்தது, ஒவ்வொரு படத்திலும். அம்மா சரியாகத்தான் வைத்திருந்தாள். பீப் பொய் சொல்லியிருந்தது.

கேமரா செய்பவன் தன் லென்ஸோடு எந்தப் பாஷையில் பேசுகிறான் என்று வெளியே சொல்லமாட்டான். வேறு கம்பெனிக்காரன் அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டுக் கற்றுக்கொள்கிறான். பெரும்பாலும் சரியாகவே கற்கிறான். கேமராக்காரன் ஒரு நாள் பேச்சை மாற்றினால், மற்றவனுக்குத் தெரியாது. பழைய பாஷையிலேயே பதில் சொல்லிக்கொண்டிருப்பான். நல்ல வெளிச்சத்தில் அந்தப் பிசகு தெரியாது. பனி நேரத்து வீட்டுக்குள், லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து எடுக்கும்போது தெரியும். லென்ஸ் கம்பெனியின் தளத்தில் ஆறு வரி அறிவிப்பு இருந்தது. புதிய மென்பொருள் போட்ட கேமராவில், மங்கிய வெளிச்சத்தில், தெளிவு சற்றுப் பின்னால் விழலாம். லென்ஸுக்கும் புதியது போட்டுக்கொள்ளவும். அறிவிப்பின் தேதி, வளைகாப்புக்கு நான்கு நாள் முந்தையது.

ரூபினி ஒரு வார விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மலையேறினாள்.

அம்மாவிடம் வாயால் சொன்னால் நம்பமாட்டாள் என்று நினைத்தாள். நிரூபணம் வேண்டும் என்று அவள் தொழில் அவளுக்குச் சொன்னது. ரஞ்சிதத்தைக் கூப்பிட்டுத் தலையில் பூ வைத்து, மாலை நான்கு மணிக்கு, வளைகாப்பு நடந்த அதே கூடத்தில், அதே விளக்கின் கீழ் உட்காரவைத்தாள். ஒரு படம் எடுத்தாள். லென்ஸைக் கணினியில் செருகிப் புதியதைப் போட்டாள். நான்கு நிமிடம். இன்னொரு படம் எடுத்தாள். ரஞ்சிதம் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். “அப்ப பவளம் மேல தப்பே இல்லையா? ஐயோ, நளினிகிட்ட நான் சொல்லணும்” என்றாள். ரூபினி தானா ராத்தாவுக்கு ஓடி, மீரான் கடையைப் பூட்டுவதற்குள் இரண்டு படத்தையும் பெரிதாக அச்சிட்டு வாங்கி வந்தாள்.

பவளம் டீக்கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதமும் கூடவே வந்து நின்றாள். ரூபினி எல்லாவற்றையும் சொன்னாள். கட்டம், பீப், நான்கு விரல், ஆறு வரி அறிவிப்பு.

“உங்க கண்ணு இல்லம்மா. நான் போட்ட அப்டேட். தப்புப் பண்ணது நான்.”

“நீ என் மக. அப்படித்தான் சொல்லுவ.”

“நம்பலன்னா பாருங்க. இது முன்னால, இது பின்னால. பாத்தாலே தெரியும்.”

பவளம் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு படத்தையும் வாங்கினாள். கதவுப் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றை மூக்கருகே கொண்டுவந்தாள், தள்ளினாள். மற்றதையும் அப்படியே செய்தாள். அந்த நேரத்தில்தான் ரூபினிக்கு விளங்கியது, தான் என்ன செய்துவிட்டோம் என்று. வாங்கிவிடலாம் என்று கை நீட்டுவதற்குள் பவளம் ஒன்றை உயர்த்திக் காட்டினாள்.

“ஆமா. இதுல நல்லாத் தெளிவா இருக்கு.”

அது முதல் படம். பிசகின படம்.

ரூபினி ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ரஞ்சிதம்தான் அவசரமாக, “ஆமா ஆமா, ரெண்டுமே நல்லாத்தானே இருக்கு” என்றாள். பவளம் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் திரும்பினாள். முகங்கள் அவளுக்குத் தெரிந்தனவோ இல்லையோ, அந்த மௌனம் தெரிந்தது. படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி மகள் கையில் கொடுத்தாள்.

“மெஷின்தான் தப்புன்னே வச்சுக்குவோம்” என்றாள். “இத்தன நாளா அது சொன்னத நம்பி நான் எடுத்தேன். பீப்புன்னுச்சு, அமுக்குனேன். அது பொய் சொன்னா எனக்குத் தெரியாது. அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல.”

“இனிமே அது பொய் சொல்லாதும்மா. சரி பண்ணிட்டேன். நான் பாத்துக்கிறேன், ஒவ்வொரு மாசமும் வந்து...”

“அதுக்குள்ள இன்னொரு தடவ சொன்னா? ஒருத்தி வயித்துல ஏழு மாசம் ஒரு தடவதான். நீதான சொன்ன, திருப்பி எடுக்க முடியுமான்னு.”

ரஞ்சிதம் போன பிறகு இருவரும் சாப்பிட்டார்கள். கங்கூங் கீரையும் நெத்திலி சம்பாலும். பவளம் மகள் தட்டில் இரண்டாம் முறை சோறு வைத்தாள்.

அதன் பிறகு பவளம் ஏழு மாதம் உயிரோடு இருந்தாள். ரூபினி ஒவ்வொரு மாதமும் வந்தாள். கண்ணுக்கு ஊசி போட ஈப்போவுக்கு அழைத்துப் போனாள். இருக்கிற பார்வையைப் பிடித்து நிறுத்தலாம், போனது வராது என்றார் டாக்டர். கேமராவைப் பற்றி ரூபினி பேச்செடுத்தால் பவளம் டீக்கடையைப் பற்றிப் பேசினாள். வங்காளதேசத்துப் பையன்கள் இப்போது மெஷினால் கொழுந்து வெட்டுகிறார்கள், பயணிகள் அவர்களைப் படம் எடுப்பதில்லை, செடியோடு தங்களையே எடுத்துக்கொள்கிறார்கள் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அதில் ஆறாம் மாதக் கடைசியில் ரஞ்சிதம் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். மருமகளுக்கு வளைகாப்பு.

“கேமராவத் தூக்கிக்கிட்டு வா. லென்ஸ் சரியாயிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“வேற ஆளு பாரு ரஞ்சிதம்.”

“மவன் பிரிஞ்சாங்லேருந்து ஒரு ஸ்டுடியோவப் பேசிட்டான். அவன் ஒரு பக்கம் எடுக்கட்டும், நீ ஒரு பக்கம் எடேன்.”

“வேணாம்.”

“சரி, எடுக்க வேணாம். சும்மாவாச்சும் வந்து உக்காரு. நீ இல்லாம எந்த விசேசம் நடந்திருக்கு?”

ரஞ்சிதம் அதை மனதார அழைத்தாள். கேமரா இல்லாத பவளத்தின் இடம் எது என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. பதினைந்து வருடத்தில் எல்லாருக்குமே மறந்துபோயிருந்தது. பவளம் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்றாள்.

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் விசேஷம். ரூபினி முதல் நாளே வந்திருந்தாள். பவளம் வெளிர்பச்சைச் சேலை கட்டினாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பவளம் கைப்பையை மடியில் வைத்தாள், தரையில் வைத்தாள், மறுபடியும் மடியில் வைத்தாள். ஸ்டுடியோக்காரர் இரண்டு பெரிய விளக்குகளை நட்டிருந்தார். அவர் லென்ஸ் கேமராக் கம்பெனியின் லென்ஸ். ரூபினி அதைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டாள்.

பெண்கள் வரிசை கட்டினார்கள். மணியம்மா தாம்பாளத்துக்குப் பக்கத்தில் நின்று யார் முதலில், யார் அடுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, முதல் பெண் வளையல்களைக் கையில் எடுத்தாள். கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது.

பவளம் எழுந்தாள்.

ரூபினி கழிப்பறைக்கோ என்று நினைத்தாள். பவளம் நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் போனாள். யார் காலையும் மிதிக்கவில்லை. அந்த வழி அவள் காலுக்குத் தெரியும். கர்ப்பிணியின் இடப்பக்கம் போய், இரண்டடி தள்ளி, ஒரு முட்டியை மடித்து உட்கார்ந்தாள். இரண்டு கையும் நெஞ்சு உயரத்துக்கு வந்தன. விரல்கள் வளைந்திருந்தன. கையில் ஒன்றும் இல்லை.

“ஆன்ட்டி, கொஞ்சம் மறைக்குது” என்றார் ஸ்டுடியோக்காரர்.

பவளம் அசையவில்லை. எங்கே இருக்கிறோம் என்ற நினைவு இன்னும் திரும்பி வரவில்லை போலிருந்தது. வளையலோடு நின்ற பெண் கையை நிறுத்திவிட்டு மணியம்மாவைப் பார்த்தாள். மண்டபம் முழுக்க மணியம்மாவைப் பார்த்தது. மணியம்மா குரலை உயர்த்தவில்லை. மகளிடம் பேசுகிற மாதிரிதான் சொன்னாள்.

“பவளம். இன்னைக்கு நீ பின்னால போய் உக்காரும்மா.”

ரஞ்சிதம் தாம்பாளத்தில் இருந்த பூவை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். ரூபினி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று, “அம்மா இங்கேதான் நிப்பாங்க” என்று சொல்லலாம். மூன்றே சொல். அப்படிச் சொல்ல அந்த மண்டபத்தில் அவளைவிட உரிமை உள்ளவர் யாருமில்லை. எந்தச் சச்சரவும் இல்லாமல் ஒரு நல்ல நாள் நடந்து முடிய வேண்டுமே என்று பயந்தாள். கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பவளம் எழுந்தாள். முட்டியைத் தட்டிவிட்டாள். “ஆமா அத்த” என்றாள் மணியம்மாவிடம். மூன்றாவது வரிசைக்கு வரவில்லை. நேரே மண்டபத்துக்குப் பின்னால் போனாள். சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பும்வரை அங்கே அண்டா கழுவினாள்.

காரில் திரும்பும்போது பனி இறங்கிவிட்டிருந்தது.

“புளிச்சோறு நல்லா இருந்துச்சு” என்றாள் பவளம்.

“ம்.”

“நீ ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? அத்த சொன்னதுல என்னா தப்பு? கையில ஒண்ணும் இல்லாம அங்க எனக்கு என்னா வேல?”

ரூபினி வண்டியை ஓட்டினாள். வளைவுகள் அதிகமான பாதை. வளைவு முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அந்த வளைகாப்பிலிருந்து பத்தொன்பதாம் நாள் காலை டீக்கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்த பவளம் அப்படியே சாய்ந்தாள். தானா ராத்தாவுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்கசிவு என்று எழுதினார்கள். ஐம்பத்தெட்டு வயது. ரூபினி வந்து சேர நான்கு மணி நேரம் ஆனது.

பெட்டியைச் சுற்றி எல்லாரும் வந்து நின்றார்கள். மணியம்மா அழுதாள், உண்மையாகவே அழுதாள். தலைமாட்டில் மகள் நிற்க வேண்டும் என்று அவள்தான் ரூபினியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். ரூபினி போய் நின்றாள்.